பாணி எவ்வளவு, கிளைக்கோல் எவ்வளவு

அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 2009இல் எங்கள் வீட்டுக்கு வந்த மின்சிகரெட், இப்போது இளம் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு திரிகிற வண்ணப் பெட்டிகள் மாதிரி இல்லை. பார்க்கச் சாதாரண சிகரெட்தான், கொஞ்சம் நீளம், வெள்ளை நிறம். நுனியில் ஒரு சின்ன மின்குமிழ் இருந்தது. இழுத்தால் சிவப்பாக எரியும், விட்டால் அணைந்துவிடும். உண்மையான சிகரெட்டின் தணல் அப்படி அணையாது. இழுக்காமல் விரலிடுக்கில் வைத்திருந்தாலும் மங்கலாக இருந்துகொண்டே இருக்கும். தூரத்தில் நின்று பார்க்கிறவளுக்கு இரண்டையும் பிரித்தறிய அதைவிட வேறு வழி கிடையாது. அந்த வருடத்தில் பாதியை நான் அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே கழித்தேன்.

அப்போது நாங்கள் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் இருந்தோம். குசினி யன்னலால் பார்த்தால் பின்முற்றமும் குப்பைத்தொட்டிகளும் தெரியும். என் கணவர் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் கவுண்டரில் வேலை செய்தார். அவருக்கு நெஞ்சடைப்பு வந்தது அந்த வருடம் ஆனி மாதத்தில். அதற்கு முந்தின மாதங்களில் ஊரிலிருந்து வந்த யுத்தச் செய்திகளை எங்கள் ஆட்கள் எல்லோரும் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. அவர் டி.வி.க்கு முன்னால் இருந்து, ஒரு சிகரெட் அணைய முன்னம் மற்றதைப் பற்றவைப்பார். தொலைபேசி அடித்தால் இரண்டு பேரும் எழும்ப மாட்டோம்.

ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாய்க்குள் கம்பிவலைக் குழாய் ஒன்று வைத்து, பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வரும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இவர் திரும்பவும் சிகரெட் பிடித்தால் அந்தக் குழாயும் அடைக்கும், அடுத்தமுறை அம்புலன்ஸ் வரும்வரைக்கும் நேரம் இருக்காது என்று. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் ஆங்கிலம் கடையில் சாமான் வாங்குகிற ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

நான் அதற்கு முன்னமும் பயந்தவள்தான். பஸ் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தேனா என்று இறங்கித் திரும்பி வருகிறவள். ஆனால் அதுவரைக்கும் என் பயங்களுக்கு முகம் இருந்ததில்லை. இப்போது இருந்தது. சிகரெட் பெட்டி அளவில், சட்டைப்பைக்குள் போகக்கூடிய முகம்.

கையில் ஒட்டுகிற நிக்கொட்டீன் பிளாஸ்டர் கொடுத்தார்கள். அவர் அதை ஒட்டிக்கொண்டே மேலால் சிகரெட் பிடித்தார். மெல்லுகிற கம் கொடுத்தார்கள். பல்லுக் கூசுகிறது என்றார். அந்த நேரத்தில்தான் இல்ஃபோர்டில் இருந்த அவருடைய தம்பி அந்தக் கருவியைக் கொண்டுவந்தார்.

"அண்ணை, இதைப் பிடியுங்கோ. இது சிகரெட் இல்லை, வெறும் ஆவி."

"ஆவியோ? அப்ப வயசுக்கு ஏத்த சாமான்தான்," என்றார் இவர்.

இழுத்தார். நுனி சிவந்தது. மூக்கால் வெள்ளையாக விட்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். அதைக் கண்ட பிறகு அந்தச் சாமானை வீட்டுக்குள் விடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் போடுகிற, திரவம் நிரப்பிய சின்னக் குப்பிகள் சீனாவிலிருந்து தபாலில் வர வேண்டும். ஒரு கிழமை வரும், மறு கிழமை வராது. வராத நாளில் அவர் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடப்பார். அந்த நடையைத் தாங்க முடியாமல்தான், திரவத்தை வீட்டிலேயே கலப்போம் என்று தம்பி சொன்னபோது நான் தலையாட்டினேன். தம்பி இரண்டு பெரிய போத்தல்களும் ஒரு சின்னப் போத்தலும் கொண்டுவந்து வைத்தார். பெரிய போத்தல் ஒன்றில் கிளைக்கோல். தண்ணீர் மாதிரி மெல்லியது. தொண்டையில் சிகரெட் பிடிப்பது போல ஒரு கடியைக் கொடுப்பது அதுதான். மற்றதில் கிளிசரின், தடிப்பு, இனிப்பு. நான் அதைப் பாணி என்று சொல்லுவேன். புகையைக் கொடுப்பது அது. சின்னப் போத்தலில் நிக்கொட்டீன். அதைத் தொடும்போது கையுறை போடச் சொன்னார். நான் இரண்டு சோடி போட்டேன்.

"எழுபது பங்கு கிளைக்கோல், முப்பது பங்கு பாணி. தோசைக்கு அரிசியும் உழுந்தும் போடுற மாதிரித்தான் அண்ணி, கை பழகினாச் சரி."

"தோசை பிழைச்சா குப்பைக்குள்ள போடலாம் தம்பி. இது பிழைச்சா?"

தம்பி தேத்தண்ணியைக் குடித்தார்.

மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, எழுபதுக்கு முப்பது கலந்து, நிக்கொட்டீனைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கி வைத்தேன். இவர் மூன்று நாள் இழுத்தார். வாய் காய்ந்துபோய், உதடு வெடித்து, வேலையில் நின்றபடி தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைக்காமல் குடித்தாராம்.

"பிடிக்குது. ஆனா தொண்டைக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

அடுத்தமுறை மாற்றிப் போட்டேன். பாணி எழுபது. குப்பிக்குள் இருக்கிற பஞ்சில் அந்தத் தடிப்பு ஊறவில்லை. பாதி நேரம் கருகல் மணம் வந்தது. ஊறிய நேரத்தில் வீடு முழுக்கப் புகை.

"கோயிலில சாம்பிராணி போட்ட மாதிரிப் புகை வருது. உள்ளுக்க ஒண்டும் இல்லை," என்று கருவியை மேசையில் வைத்தார். வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆளோடு இனிக் கதை இல்லை என்கிற மாதிரி வைத்தார்.

ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் வேலை செய்கிற கவுண்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிகரெட் பெட்டிகள். அப்போது அவற்றை மூடி வைக்கிற வழக்கம் இல்லை. நிறம் நிறமாக, விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி இருக்கும். பெற்றோல் அடிக்க வருகிற ஒவ்வொருவனும் ஒரு பெயரைச் சொல்லுவான். இவர் திரும்ப வேண்டும், கை நீட்ட வேண்டும், எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன், மனம் அங்கே அவருக்குப் பக்கத்தில் நிற்கும். இப்போது திரும்புகிறார், இப்போது கை நீட்டுகிறார். என் கலவையில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கை ஒருநாள் தனக்காக நீளும் என்று நினைப்பேன்.

வேலையால் வந்ததும் ஜாக்கெட்டை வாங்கி மாட்டுகிற சாட்டில் மணந்து பார்ப்பேன். அவருக்குத் தெரியும்.

"பொலிஸ் நாய் மாதிரி மணக்கிறீர்."

"பொலிஸ் நாய்க்குச் சம்பளம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கிறனே," என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் ஜாக்கெட்டை மாட்ட முன்னம் திரும்பவும் ஒருமுறை மணந்து பார்த்தேன்.

கடைசியில் பாதிக்குப் பாதியில் வந்து நின்றேன். பாணி பஞ்சில் ஊறவேண்டும் என்பதற்காகக் கொதித்தாறிய தண்ணீர் சில துளி. அதற்கும் பயந்தேன், தண்ணீர் பழுதாகுமோ என்று. அவர் இழுத்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார். பரவாயில்லை என்று சொல்லிச் சாப்பிடுகிறவர் வெளியில் போய் வேறு ஏதாவது சாப்பிடுவார் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஜாக்கெட்டில் மணம் வரவில்லை. புரட்டாதி அப்படியே போனது.

ஐப்பசியில் ஒருநாள் வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்ற முன்னமே சொன்னார்.

"இப்பதான் சரி. இந்தமுறை என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. போனமுறை மாதிரித்தான்."

"இல்லை, இதுதான் சரி. இனி இதை மாத்திப்போடாதேயும்."

முகம் தெளிந்திருந்தது. தொண்டையைத் தடவிக் காட்டி, இங்கே நல்லாய்ப் பிடிக்கிறது என்றார். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கை அளந்தது எனக்குத் தெரியும். அதே போத்தல், அதே சிரிஞ், அதே அளவு. நான் மாற்றாமல் அது எப்படி மாறியது என்ற கேள்வி பாத்திரம் கழுவும்போதும் பஸ்சுக்கு நிற்கும்போதும் கூடவே வந்தது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, அவர் திரும்பவும் "பரவாயில்லை"க்குப் போய்விட்டால்?

பிறகு இருமல் வந்தது.

பழைய சிகரெட் இருமல் எனக்குப் பழக்கம். அது சளியோடு வரும், காலையில் ஒருமுறை குலுக்கிவிட்டுப் போகும். இது வேறு. சின்னதாய், வறண்டதாய், பேச்சுக்கு நடுவில் ஆரோ கதவைத் தட்டுகிற மாதிரி வந்தது. பின்னேரங்களில் உடம்பு சுட்டது. பன்றிக் காய்ச்சல் என்று ஊரே பயந்திருந்த வருடம் அது. டொக்டரின் வரவேற்பறையில், காய்ச்சல் என்றால் இங்கே வரவேண்டாம், வீட்டில் இருங்கள் என்றார்கள். இருந்தோம்.

எங்கள் வீடுகளில் தடிமன், இருமல் என்றால் முதலில் செய்கிறதைச் செய்தேன். சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, யூக்கலிப்டஸ் எண்ணெய் சில சொட்டு விட்டு, தலைக்கு மேலால் போர்வையைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். அந்த எண்ணெயை எடுக்கும்போது போத்தல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்ததைக் கண்டேன். குளிர் தொடங்கிவிட்டது, போகத்தானே செய்யும் என்று மூடி வைத்தேன்.

இருமல் நிற்கவில்லை. என் யோசனை எல்லாம் கிளைக்கோலில்தான் இருந்தது. முதல் கலவையில் தொண்டையைக் காயவைத்தது அது, இப்போது நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். அடுத்த கலவையில் அதைக் குறைத்து, பாணியைக் கூட்டினேன். அதற்கடுத்ததில் இன்னும் குறைத்தேன். கடி இல்லை என்று அவர் கருவியைத் திரும்பவும் மேசையில் வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் வைக்கவில்லை. நல்லாய் இருக்கிறது என்றார். கடி கொடுக்கிறதை நான் ஏறக்குறைய எடுத்துவிட்ட பிறகும் நல்லாய்ப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இருமிக்கொண்டு இழுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் குளிக்கப் போயிருந்தபோது, வேலைக்குக் கொண்டுபோகிற சின்னப் போத்தலை ஜாக்கெட்டிலிருந்து எடுத்தேன். நான் கலந்து வைக்கிற பெரிய போத்தலிலிருந்து அவர் அதில் ஊற்றிக்கொண்டு போவார். இரண்டையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரியதில் இருந்தது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. சின்னதின் மேற்பரப்பில் வட்டம் வட்டமாக மினுங்கியது, இரசத்துக்கு மேலே எண்ணெய் மிதக்கிற மாதிரி. குலுக்கினேன். வட்டங்கள் உடைந்து பொடிப்பொடியாகக் கலங்கின. மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாக மேலே வந்து திரும்பவும் கூடின.

மூடியைத் திறக்க முன்னமே எனக்கு மணம் தெரிந்துவிட்டது.

தலையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றேன்.

"அது... கடி காணாமல் இருந்தது. அதுதான் ரெண்டு சொட்டு விட்டனான்."

"எண்ணெயை?"

"மருந்தெண்ணெய்தானே. ஆவி பிடிக்கேக்க நீர் விடுறேல்லையே? இதுவும் ஆவிதானே. நெஞ்சுக்கு நல்லதெண்டுதான் விட்டன்."

"எப்ப தொடக்கம்?"

"நீர் நல்லாக் கலந்து தந்த நாள் தொடக்கம்," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறி, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் முதலில் "அண்ணை வேப்பெண்ணெய் விடாமல் விட்டாரே" என்று பகிடி விட்டார். பிறகு, எத்தனை நாளாய் இருமுகிறார் என்று கேட்டார். அடுத்த நாள் விடிய வந்து காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

நெஞ்சு டொக்டர், நுரையீரல் பார்க்கிறவர், ஒரு பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, வலது பக்கத்து அடியில் மேகம் மாதிரி வெளுத்திருந்த இடத்தைக் காட்டினார். நான் இரண்டு போத்தல்களின் கதையையும், இவர் எண்ணெய் விட்டதையும், எதில் எத்தனை பங்கு என்பதையும், தம்பியின் வாயால் ஒன்று விடாமல் சொல்ல வைத்தேன். எது சரியான அளவு என்று கேட்கச் சொன்னேன். பாணி, கிளைக்கோல் இரண்டையும் பற்றித் தனக்குத் தெரியாது என்றார் அவர். இந்தச் சாமான் வந்தே கொஞ்சக் காலம்தான், இழுக்கிறவர்களை யாரும் இன்னும் நெடுநாள் பார்க்கவில்லை என்றார். ஆனால் எண்ணெயைப் பற்றித் தெரியும். எண்ணெய் சூடாகி நெஞ்சுக்குள் போனால், அதைக் கழுவி வெளியில் விட நெஞ்சுக்குத் தெரியாது. கரைவதற்கு மாதங்கள் ஆகலாம், சில இடத்தில் தழும்பாக நின்றுவிடலாம். அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் காற்றைத் தவிர வேறு ஒன்றும் உள்ளே போகக்கூடாது. கருவியும் வேண்டாம். சிகரெட்டைப் பற்றி அவர் சொல்லவே தேவையில்லை.

ஒரு டொக்டரால் தெரியாது என்று சொல்ல முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். தெரியும் என்று சொன்னதைவிட அதுதான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

"காத்து மட்டுமாம்," என்றார் இவர், காரில். "லண்டன் காத்தை அவ மணந்து பார்க்கேல்லைப் போல."

கருவியைக் குசினி லாச்சிக்குள், துடைக்கிற துணிகளுக்கு அடியில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். யூக்கலிப்டஸ் போத்தலை வெளியில் கொண்டுபோய் எறிந்தேன். பாணியையும் கிளைக்கோலையும் எறிய நினைத்து, கையில் எடுத்து, திரும்ப வைத்தேன்.

மருந்து எடுத்தார். காய்ச்சல் விட்டது. இருமல் குறைந்தது, நிற்கவில்லை. சுகமில்லை என்று எடுத்த லீவு முடிய, வேலைக்குப் போகத் தொடங்கினார். திரும்பவும் அந்தச் சுவர், அந்தப் பெட்டிகள். இந்தமுறை அவர் சட்டைப்பையில் அதற்கு எதிராகப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கதைப்பது குறைந்தது. கரண்டி விழுந்தால் திடுக்கிட்டுப் பார்த்தார். பதில் சொல்லுகிற நேரத்தில் விரல்கள் தாங்களாக ஒன்றை உருட்டின. நான் ஜாக்கெட்டை மணந்தேன். மணம் இல்லை. மணம் இல்லாததும் எனக்குப் போதவில்லை, அவர் ஜாக்கெட்டை எங்காவது கழற்றி வைத்துவிட்டுப் பிடிக்கிறாரோ என்று யோசித்தேன்.

மார்கழியில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரு பின்னேரம், தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு நின்றேன். அவர் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு "போட்டுட்டு வாறன்" என்று கீழே இறங்கினார். தொட்டி மூடுகிற சத்தம் கேட்டது. மேலே வருகிற காலடி கேட்கவில்லை. கேத்தில் கொதித்து நின்றது. லைட்டை அணைத்துவிட்டு யன்னலுக்குப் போனேன்.

முற்றத்து மூலையில், சுவரோடு, ஒரு சிவப்புப் பொட்டு.

பார்த்துக்கொண்டு நின்றேன். அது பிரகாசித்தது. பிறகு மங்கியது. அணைந்துவிடும், இப்போது அணைந்துவிடும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். மங்கலாகக் கீழே இறங்கி, அவருடைய இடுப்பளவில் நின்றது. அணையவில்லை.

அப்படியும் நான் லாச்சியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் கையை விடும்போது, அது அங்கே இருக்கக்கூடாது என்று கும்பிட்டேன். டொக்டர் தொடாதே என்று சொன்ன சாமானை அவர் களவாக எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விரலில் குளிராகத் தட்டுப்பட்டது.

சத்தம் போட்டுக்கொண்டு ஓடியிருக்கலாம். தம்பிக்குப் போன் அடித்திருக்கலாம். எனக்கு இரண்டு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று நேரம் இருக்காது என்று சொன்ன டொக்டர், மற்றது தெரியாது என்று சொன்ன டொக்டர். லைட்டைப் போட்டேன். அலுமாரிக்கு மேலே இருந்து போத்தல்களை இறக்கினேன். கையுறை போட்டேன். தொண்டையில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் இன்னொன்றைத் தேடுவார். பிடிக்கிறது கூடினால் அந்த மேகத்தில் போய் இடிக்கும். கிளைக்கோலை முதலில் இழுத்தேன், பிறகு பாணி. பாதிக்குப் பாதி வந்தபோது நிறுத்தினேன். கொஞ்சம் யோசித்து, பாணியில் இன்னும் ஒரு பங்கு விட்டேன். நிக்கொட்டீனைத் துளி துளியாக எண்ணி விட்டு, குலுக்கி, கருவிக்குள் நிரப்பினேன்.

படியால் இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு, என்னத்துக்கு என்று நினைத்தாரோ, முன்னால் கொண்டுவந்தார்.

"ஒண்டுதான்," என்றார். "இண்டைக்குத்தான்."

"அதைத் தாங்கோ. இதைப் பிடியுங்கோ."

கருவியைப் பார்த்தார். "அவ வேண்டாம் எண்டெல்லே சொன்னவ?"

"ஓம். சொன்னவ."

சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். கருவியை வாங்கி வாயில் வைத்தார். என் கையால் கலந்தது அவருக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நுனி சிவந்தது. பிறகு அணைந்தது, முழுதாக.

"பிடிக்குதோ?" என்றேன்.

இருட்டில் முகம் தெரியவில்லை. பதிலுக்காகக் காத்து நின்றேன். அவர் சொல்ல வாயெடுத்தார், அதற்கு முன்னம் அந்தச் சின்ன, வறண்ட இருமல் வந்து தட்டியது.